மணிப் பாட்டும் லாரிப் பாட்டும்

காதைப் பஞ்சுக் குச்சியால் குடையாதீர்கள் என்று இங்கே வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன், ஒருவரும் கேட்பதில்லை. குடைகிற சுகம் அப்படி. அழுக்கை வெளியே எடுப்பதாக நினைத்து உள்ளே தள்ளிவிட்டு, அப்புறம் என்னிடம் வந்து, "ரெண்டு நாளா உலகமே அமைதியா இருக்குங்க" என்பார்கள். நீங்களும் குடைகிறவர்தான் என்று நினைக்கிறேன் மேடம். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கைப்பைக்குள் அந்தக் குச்சி டப்பா எட்டிப் பார்க்கிறது.

உட்காருங்கள். பரிசோதனைக்கான நாற்காலிதான், ஆனால் என் கடையில் இருப்பதிலேயே வசதியானது அதுதான். சுவர் முழுக்க நுரைப் பலகை ஒட்டியிருப்பதால் தெருச் சத்தம் இந்த அறைக்குள் வராது. இங்கே உட்கார்ந்தால் தன் மூச்சு தனக்கே கேட்கும். சிலருக்கு அது பிடிப்பதில்லை.

என் மச்சானின் காதுக் கருவியைப் பற்றிக் கேட்கத்தானே வந்திருக்கிறீர்கள். கருவி பொருத்துகிறவர்களுக்கு உரிமம் கொடுக்கும் இடத்திலிருந்து யாராவது வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். இவ்வளவு பொறுமையான ஒருவர் வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. எதையும் மறைக்கிற உத்தேசம் எனக்கில்லை. ஆனால் பாட்டைப் பற்றிச் சொல்லாமல் கருவியைப் பற்றி மட்டும் சொன்னால் என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் பாட்டிலிருந்து தொடங்குகிறேன்.

சால்ட் எஞ்சின் என்று ஒரு ராக் இசைக்குழு. நாங்கள் இளவட்டமாக இருந்தபோதே அவர்கள் பழையவர்கள். ஐந்து பேர், ஐந்து பேருக்கும் தோள்வரை முடி. கடைசி இசைத்தட்டின் அட்டைப்படத்தில் இரண்டு பேருக்குத்தான் முடி மிச்சம் இருந்தது. அவர்கள் பாடுவது எங்கள் மொழியில்லை. பாதிச் சொல் எங்களுக்குப் புரியாது. மீதிப் பாதி புரிந்தும் ஒன்றும் விளங்காது. ஆனாலும் எங்கள் நாலு பேருக்கு அவர்களை விட்டால் வேறு கதி இல்லை. செல்லமாக 'உப்பு' என்போம். எங்கள் கூட்டத்துக்கு உப்புச் சங்கம் என்று பெயர் வைத்தவர் மச்சான். "உப்புச் சப்பில்லாத சங்கம்" என்று திருத்தியவள் என் அக்கா.

சங்கம் கூடுவது ஞாயிற்றுக்கிழமை மதியம், மச்சான் வீட்டு முன்னறையில். நல்ல இசைத்தட்டுக் கருவி அவரிடம்தான் இருந்தது. மச்சான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். முள்ளைத் தட்டின் மேல் இறக்கும்போது, "கிளட்ச விடுற மாதிரி விடணும், பதறக் கூடாது" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார், நாங்கள் என்னவோ அவரிடம் பயிற்சிக்கு வந்தவர்கள் மாதிரி. ரொட்டிக்கடைக்காரர் உடைந்த பிஸ்கட்டுகளைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வருவார். கணக்கு டீச்சர் வெறுங்கையோடு வந்து அதில் பாதியைத் தின்பார். நாலாவது ஆள் நான்.

சங்கத்துக்கு ஒரே ஒரு விதி. கூட்டத்தில் முதலில் போடுகிற பாட்டு, உப்பின் பாட்டுகளிலேயே சிறந்தது என்று நாலு பேரும் ஒப்புக்கொண்ட பாட்டாக இருக்க வேண்டும். மூன்று பேர் சரி என்று ஒருவர் இல்லை என்றால் செல்லாது. இது மச்சான் போட்ட விதி. "குழம்புக்கு உப்பு போதுமான்னு யாராவது ஓட்டு போடுவாங்களா? எல்லார் நாக்கும் ஒத்துக்கணும்" என்றார். நாக்குகள் ஒத்துக்கொள்ளவே இல்லை. எனவே எங்கள் சங்கத்துக்கு முதல் பாட்டே கிடையாது. ஒவ்வொரு கூட்டமும் சண்டையில் தொடங்கி, சண்டை அலுத்தபின் கையில் கிடைத்த தட்டைப் போடுவதில் போய் நின்றது. மற்ற மூன்று பேருக்கும் அந்தச் சண்டைதான் பிடித்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு அது விளையாட்டாக இருந்ததில்லை.

என் பாட்டை நாங்கள் லாரிப் பாட்டு என்போம். அதில் ஒருவரும் பாட மாட்டார்கள். பேஸ் கிடார் மட்டும் தனியாக, அவசரமே இல்லாமல், வீட்டு வாசலில் ஒரு லாரி எஞ்சினை அணைக்காமல் நிற்பதுபோல உறுமிக்கொண்டிருக்கும். மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக வந்து அதனருகில் உட்காரும். காதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அதிகம் கேட்கும். மச்சானுக்கு அது இளக்காரம். "அடிவயித்துலேருந்து வர்றதெல்லாம் பாட்டு இல்ல மாப்ள. சில நேரம் அது வாயுவா இருக்கும்" என்பார். ரொட்டிக்கடைக்காரர் பிஸ்கட் புரையேறும்வரை சிரிப்பார்.

மச்சானின் பாட்டு மணிப் பாட்டு. சாதாரணமாகத்தான் தொடங்கும். முடிவில் கீபோர்டு வாசிக்கிறவன் தன் வாத்தியத்தை விட்டுவிட்டுச் சின்னச் சின்ன உலோக மணிகளைத் தட்டுவான். அந்த மணிகளுக்கு மேலே ஒரு பெண் குரல், சொல்லே இல்லாமல், கண்ணாடிக் கோப்பையின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தாற்போல மெல்லிசாக ஏறிக்கொண்டே போகும். அந்த இடம் வரும்போது மச்சான் கண்ணை மூடிக்கொள்வார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் கண்ணை மூடுவது நல்லதல்ல என்று நான் சொல்வேன்.

மற்ற இரண்டு பேரையும் என் பக்கம் கொண்டுவருவது கஷ்டமாக இல்லை. ரொட்டிக்கடைக்காரருக்கு ஒரு காதல் பாட்டில் மயக்கம் இருந்தது. நான் வாதாடவில்லை. அவருடைய இரண்டாவது மனைவி ஒரு நாள் அவரை அழைத்துப்போக வந்தபோது, "இந்தப் பாட்டு உங்க மூத்த சம்சாரத்துக்கு ரொம்பப் பிடிக்கும்ல?" என்று சும்மா கேட்டேன். அடுத்த வாரமே மனிதர் லாரியில் ஏறிவிட்டார். கணக்கு டீச்சர் பிடித்துத் தொங்கிய பாட்டில் மேளக்காரன் நடுவில் ஓர் அடியை விட்டுவிடுகிறான் என்று அவரிடம் சொல்லி, எண்ணிப் பார்க்கச் சொன்னேன். அவன் எதையும் விடவில்லை. ஆனால் அந்தப் பாட்டை எண்ண ஆரம்பித்தால் யாருக்கும் கணக்குத் தவறும். பாவம் டீச்சர், அதற்குப் பிறகு அவரால் அதை நிம்மதியாகக் கேட்க முடியவில்லை. இதெல்லாம் குற்றமில்லையே மேடம். ரசிகர்கள் என்றால் இப்படித்தான் ஒருவர் காலை ஒருவர் வாருவோம்.

மிச்சம் இருந்தது மச்சான் ஒருவர்தான். அவரிடம் எந்தப் பாச்சாவும் பலிக்கவில்லை. ஏனென்றால் அவர் மணிப் பாட்டைப் பாட்டாகக் கேட்கவே இல்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அக்காவுக்குக் கீச்சுக் குரல். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'விசிலு' என்றே பெயர். அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் இருந்த சத்தமெல்லாம் அவள்தான். அப்பா வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். அக்கா தட்டைக் கழுவும்போதும் பேசுவாள், தலை துவட்டும்போதும் பேசுவாள், நான் பரீட்சைக்குப் படிக்கும்போது "நான் பேசல, நீ படி" என்று பேசிக்கொண்டே இருப்பாள். மச்சான் எனக்கு முதலில் சிநேகிதர். உப்பு கேட்க எங்கள் வீட்டுக்கு வரப்போக இருந்தவர், ஒரு நாள் என்னைத் தனியாக அழைத்து, "மணிப் பாட்டுக் கடைசியில வர்ற குரல் இருக்கே மாப்ள, அது அப்படியே உங்க அக்கா குரல்" என்றார். அது வரைக்கும் அவர் என்னை மாப்ள என்று கூப்பிட்டதில்லை. எனக்குத்தான் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று.

கல்யாணத்தன்று எனக்கு உப்பின் இசைத்தட்டு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அக்காவைக் கொண்டுபோனார், தட்டைக் கொடுத்தார். பண்டமாற்று என்று நான் சொல்லிச் சிரித்தேன், அவரும் சிரித்தார். அந்தத் தட்டில்தான் லாரிப் பாட்டு இருந்தது. அப்பாவும் நானும் மட்டும் இருந்த வீட்டில் அதை எத்தனை முறை போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு பாட்டைப் பாட்டாக மட்டுமே கேட்க வேண்டும் என்பது என் கொள்கை. பெண்டாட்டி குரல் மாதிரி இருக்கிறது என்று ஒரு பாட்டைச் சிறந்தது என்பது ரசனையில் சேர்த்தியா, நீங்களே சொல்லுங்கள்.

வயதாக ஆக மச்சானுக்குக் காது மந்தமாயிற்று. இது நான் செய்ததல்ல. என் கணக்கில் அதை ஏற்ற வேண்டாம். எல்லோருக்கும் முதலில் போவது மெல்லிய, கூர்மையான ஒலிகள்தான். அக்காதான் அவரை என்னிடம் கூட்டிவந்தாள். "தம்பி கடை இருக்கும்போது வேற எங்கடா போறது?" என்றாள். அதே நாற்காலியில்தான் உட்கார வைத்தேன். கடையில் இருந்ததிலேயே உயர்ந்த கருவி, இரண்டு காதுக்கும். காசு வாங்கவில்லை.

கருவியைப் பொருத்துவது என்றால் காதில் மாட்டுவது மட்டுமில்லை என்று உங்களுக்குத் தெரியும். கணினியில் கோடு மாதிரி ஒரு படம் வரும். இடது ஓரத்தில் தடித்த ஒலிகள், லாரி, இடி, ரொட்டிக்கடைக்காரர். வலது ஓரத்தில் மெல்லிய ஒலிகள், மணி, குருவி, அக்கா. எந்த ஒலி அவருக்குக் குறைவாகக் கேட்கிறதோ அந்த இடத்தில் கோட்டை மேலே இழுத்துவிட்டால் கருவி அதைக் கூட்டிக் கொடுக்கும். மச்சானுக்கு வலது ஓரத்தை நன்றாக ஏற்ற வேண்டும். ஏற்றினேன். பிறகு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. கொஞ்சம் இறக்கினேன்.

கொஞ்சம்தான். அவரிடமிருந்து நான் எதையும் எடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் காது ஏற்கெனவே தொலைத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டேன், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மணிப் பாட்டு முடிந்ததும் மச்சான் கண்ணைத் திறந்து, "என்னவோ மாப்ள, பழைய மாதிரி இல்ல. மணியெல்லாம் பஞ்சுல சுத்தி அடிக்கிறாப்ல இருக்கு" என்றார். புதுக் கருவி, பழக வேண்டும் என்றேன். எங்கள் தொழிலில் இதை ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்வோம். பெரும்பாலும் உண்மையும் கூட. மச்சான் நல்ல மாணவர். மறுவாரம் தன்னிடம் கற்க வந்தவர்களிடம் சொல்வதுபோல, "பழகணும், பதறக் கூடாது" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

ஆனால் அவர் பாட்டை விடவில்லை. காதில் விழாததை ஞாபகத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டார். மணி வருகிற இடத்தில் அதே மாதிரி கண்ணை மூடினார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். கருவியைச் சுத்தம் செய்ய அவர் வரும்போதெல்லாம் வலது ஓரத்தைக் கீழே ஒரு சுண்டு சுண்டினேன். போகும்போது இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார். வெளியே நின்று, கண்ணாடிக் கதவு வழியாக இன்னொரு தடவை கையசைப்பார்.

அக்காவின் குரலும் அதே ஓரத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். இது என் தொழிலின் அரிச்சுவடி மேடம். தெரியாது என்று சொன்னால் நீங்கள் என் உரிமத்தை அதற்காகவே பிடுங்க வேண்டும்.

வீட்டில் நடந்தது வேடிக்கையாகத்தான் தொடங்கியது. அக்கா கேட்டதற்கு மச்சான் பதில் சொல்லவில்லை. சொன்னபோதும் சம்பந்தமில்லாமல் சொன்னார். கதவைச் சாத்தச் சொன்னால் மருந்து சாப்பிட்டாயிற்று என்றார். அதே வீட்டில் ரொட்டிக்கடைக்காரர் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் டக்கென்று திரும்பினார். அக்காவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "ஊர்ல இருக்கிறவன் பேசினா கேக்குது, நான் பேசினா மட்டும் கேக்கலையாடா? செவிடன் காதுல சங்கு ஊதுற மாதிரி இருக்கு" என்று என்னிடம் அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன். சங்கு தடித்த ஒலி என்பதையும், அதை ஊதியிருந்தால் மச்சானுக்கு நன்றாகவே கேட்டிருக்கும் என்பதையும் சொல்லவில்லை.

கருவியில் கோளாறு இருக்குமோ என்று அவளே ஒரு தரம் கேட்டாள். அவள் எதிரிலேயே கணினியில் மாட்டிப் பார்த்து, கருவி நன்றாக வேலை செய்கிறது என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை, நான் சொன்ன வேலையை அது ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது. "அப்ப வேணும்னுதான் கேக்காத மாதிரி இருக்காரு" என்றாள். அவர்களுக்குள் நடக்கிற விஷயத்தில் தலையிடக் கூடாது என்று நினைத்தேன்.

பிறகு மச்சானின் தொழில் போயிற்று. பயிற்சிக்கு வந்த ஒரு பெண் வண்டியை இடப்பக்கம் திருப்பும்போது ஒருவர் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டே வந்திருக்கிறார். மச்சான் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இத்தனை வருடங்களில் அதை அவர் மிதிக்கத் தவறியதில்லை. அன்று மிதிக்கவில்லை. சைக்கிள்காரருக்கு முழங்கை முறிந்தது. மச்சான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாராம். கார் பயிற்சிக்கான உரிமத்தைப் புதுப்பிக்கக் காதுச் சான்றிதழ் கேட்டார்கள். நான்தான் எழுதினேன். கருவி அணிந்த நிலையிலும் மெல்லிய ஒலிகள் கேட்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். மச்சான் வாசித்துப் பார்த்துவிட்டு, "சரியாத்தானே எழுதியிருக்க, நீ என்ன பண்ணுவ" என்று என்னைத் தட்டிக்கொடுத்தார்.

வீட்டில் சும்மா உட்கார்ந்ததும் மனிதருக்குப் பயம் வந்துவிட்டது. தான் சொல்கிற பதிலுக்கு எதிரே இருப்பவர் முகம் மாறுவதைப் பார்க்கிறார், ஏன் மாறுகிறது என்று தெரியவில்லை. மணி கேட்காவிட்டாலும் பேச்சுக்கு இந்தக் கருவி போதும் என்று மச்சினனே சொல்லிவிட்டான். அப்படியென்றால் குறை வேறு எங்கோ இருக்க வேண்டும். மருத்துவரிடம் போனார்கள். நானும் கூடப் போனேன். மருத்துவர் ஒரு இளம்பெண், அக்கா மாதிரியே மெல்லிய குரல். மூன்று சொற்களைச் சொல்லி, சிறிது நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மச்சான் சொல்லவில்லை. வெளியே வந்து மாடிப்படியில் நின்றுகொண்டு, "மாப்ள, எனக்கு மூளை போயிட்டு இருக்கா? மறைக்காம சொல்லு" என்று கேட்டார். என் குரல் அவருக்கு எப்போதும் நன்றாகக் கேட்கும், நான் கட்டைக் குரல்காரன். "வயசாகுதுல்ல மச்சான், பழகிக்கணும்" என்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். அன்று எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஜெயித்தது. மச்சான் மணிப் பாட்டைப் போடவே இல்லை. தட்டை உறையிலிருந்து எடுத்தார், பார்த்தார், உள்ளே வைத்துவிட்டார். "லாரியையே வச்சுக்குவோம்ப்பா" என்றார். ரொட்டிக்கடைக்காரர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். மச்சான், "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் ஆயிடுச்சு. ஆனா இந்தப் பையன் என் காதுக்காக எவ்வளவு மெனக்கெடுறான். ஒரு பைசா வாங்கல. அவன் ஆசைப்பட்ட பாட்டு ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுமே" என்று சொல்லிக் கையைத் தூக்கினார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லாரிப் பாட்டைப் போட்டோம், சங்கத்தின் முதல் பாட்டு. மச்சான் உள்ளங்கையை ஒலிபெருக்கியின் மேல் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு சின்ன மனக்குறையும் இருந்தது: அவர் பாட்டுக்காகக் கை தூக்கவில்லை, எனக்காகத் தூக்கினார். தரத்தைப் பார்த்து முடிவு செய்ய அவருக்குக் கடைசிவரை வரவேயில்லை.

இப்போது நீங்கள் கேட்கிற கேள்வி நியாயமானது. பாட்டுதான் ஜெயித்துவிட்டதே, கருவியை அப்போதே ஏன் திருப்பி வைக்கவில்லை?

வேலை அதிகம். அந்த மாதம் நிறைய பேர் வந்தார்கள்.

திருப்பி வைக்காதது மட்டுமில்லை, அதற்குப் பிறகும் அவர் சுத்தம் செய்ய வந்தபோதெல்லாம் வலது ஓரம் இன்னும் இறங்கியிருக்கிறது என்கிறீர்கள். இருக்கலாம். கை பழகிவிட்டது.

அக்காவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொன்னால் உங்களுக்கே புரியும். அந்தச் சமயத்தில் அவள் தினமும் இங்கே வர ஆரம்பித்திருந்தாள். வீட்டில் பேச ஆளில்லை. சுவரோடு பேசுவதற்குத் தம்பியோடு பேசலாம் என்று வந்தாள். இருவருக்குமாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவாள், நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் உட்காருவாள். இந்த அறையில் அவள் குரலைக் கேட்டுப் பார்க்க வேண்டும் மேடம். வேறு ஒரு சத்தம் குறுக்கே வராது. நான் கதவைச் சாத்தி, வெளியே 'பரிசோதனை நடக்கிறது' என்ற அட்டையை மாட்டிவிடுவேன். அம்மாவைப் பற்றிப் பேசுவாள், பள்ளிக்கூடத்தில் தன்னை விசிலு என்று கூப்பிட்டவளை எங்கோ கடைத்தெருவில் பார்த்ததைப் பேசுவாள், மச்சானைத் திட்டுவாள், திட்டிவிட்டு அழுவாள். "நான் பேசுறதக் கேக்குறது இந்த உலகத்துல நீ ஒருத்தன்தான்டா" என்பாள். எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

பிறகு ஒரு நாள், அந்த வீட்டில் இனி இருக்க முடியாது, வெளியூரில் இருக்கிற மகளிடம் பேசிவிட்டு இங்கேயே வந்துவிடுகிறேன் என்றாள். இந்தக் கடைக்கு மேலேதான் எங்கள் பழைய வீடு. அப்பா போன பிறகு நான் தனியாக இருக்கிறேன். அவள் கல்யாணத்துக்கு முன் இருந்த அறைக்கு ஆள் வைத்துச் சுண்ணாம்பு அடித்தேன். பச்சைத் திரைச்சீலை வாங்கி மாட்டினேன். கட்டிலின் ஆட்டத்தைச் சரிசெய்தேன். மச்சானை யார் பார்த்துக்கொள்வது என்று அவள் கேட்டாள், அதற்கெல்லாம் முதியோர் இல்லங்கள் இருக்கின்றன, நல்லதாக ஒன்று பார்த்துவைத்திருக்கிறேன் என்றேன். உண்மையிலேயே நல்ல இடம். முன்னால் தோட்டம் இருக்கிறது.

அதற்குள் அக்கா மகள் வந்துவிட்டாள். அம்மா சொன்னதைப் போனில் கேட்டு, அடுத்த வண்டியைப் பிடித்து வந்தாள். அம்மா அப்பா இருவரையும் தன் ஊருக்கு அழைத்துப்போய், அப்பாவை அங்கே ஒரு காது மையத்தில் காட்டினாள். அங்கே இருந்தவர்கள் கருவியைக் கணினியில் மாட்டிப் பார்த்தார்கள். மீதி உங்களுக்குத் தெரியும், புகார் எழுதியவள் அவள்தான். தாய்மாமன் என்றும் பார்க்கவில்லை.

கருவியைச் சரிசெய்து காதில் மாட்டியதும் அக்கா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம். மச்சான் திரும்பிப் பார்த்து, இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்டாராம். ரொட்டிக்கடைக்காரர் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என்மேல் மச்சானுக்குக் கோபமில்லை என்றும் சொன்னார். "மாப்ள தெரிஞ்சு செஞ்சிருக்க மாட்டான், மெஷின்ல ஏதோ தப்பு" என்று மகளிடமே சண்டை போட்டாராம். அவர் குணம் அப்படி.

அதனால் நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நானே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மெஷினில் தப்பில்லை. ஒவ்வொரு முறையும் நான்தான் குறைத்தேன், தெரிந்தே குறைத்தேன், குறைத்தால் என்ன கேட்காது என்று தெரிந்தே குறைத்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

உரிமம் போனால் போகட்டும். ஒரு விஷயத்துக்கு மட்டும் நீங்கள் உதவி செய்ய வேண்டும். மச்சான் ஊர் திரும்பியதும் பழையபடி மணிப் பாட்டுக்கே மாறிவிட்டார், சங்கத்துக்கு மறுபடியும் முதல் பாட்டு இல்லை. அக்கா இங்கே வருவதில்லை. அவரோடு பேச வேண்டியது நிறைய சேர்ந்துபோயிருக்கிறதாம், காலையில் ஆரம்பித்தால் ஓய்வதில்லையாம், அவரும் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். மேலே அறை அப்படியே இருக்கிறது, தினமும் பெருக்கி வைக்கிறேன். நீங்கள் அவர்களைப் பார்த்துத்தானே போகப் போகிறீர்கள்? அந்தக் கருவியை ஒரே ஒரு முறை என்னிடம் சர்வீஸுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள் மேடம், பாட்டுக்காகத்தான் சொல்கிறேன்.